சேதிக்குக் கால் நாள்

சாவிக்காவுக்கு வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். அல்லது நாலு தெரு தள்ளி இருந்துகொண்டே குடித்தனக்காரர் முகத்தில் விழிக்கப் பிடிக்காதவர்களாக இருப்பார்கள். வாடகை வாங்குவது, குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது, வீடு காலியானால் அடுத்த ஆளைப் பிடிப்பது, போகிறவர் சுவரில் அடித்த ஆணிகளை எண்ணி முன்பணத்தில் கழிப்பது எல்லாம் அவள் பாடு. கைப்பையில் முப்பது சாவிகள். மாடிப்படியில் அவள் ஏறுவதற்கு முன் அந்தச் சத்தம் ஏறிவிடும். குடித்தனக்காரர்கள் வைத்த பெயரை வீட்டுக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவளுக்கு ஐம்பத்திரண்டு.

அதற்கு முன் குழாயும் வால்வும் விற்கும் கடையில் பதினோரு வருடம் பில் போட்டாள். அங்கே வாடிக்கையாக வந்த ஒரு பொறியாளர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எந்த வாஷர் எந்தக் குழாய்க்கு என்று அந்தக் கடையில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது அவர் சொன்ன காரணம். முதலாளிக்கும் அது காதில் விழுந்தது. பேப்பரிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

மாதம் எவ்வளவு வேண்டும் என்றார் பொறியாளர். அவளுக்குத் தெரியவில்லை. மாதத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று திருப்பிக் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. விடுமுறை நாளொன்றில் சாவியை வாங்கிக்கொண்டு காலை ஏழு மணிக்கு அந்தக் காலி வீட்டுக்குள் போனவள், மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து, இரண்டு நாள் என்றாள். கடையில் ஒரு நாளைக்கு என்ன கூலியோ அதுபோல் இரண்டு. பொறியாளர் வாடகையில் பத்து சதவீதம் கொடுக்கத் தயாராக வந்திருந்தார். அது அவள் கேட்டதைப்போல் இரண்டரை மடங்கு. நல்ல மனிதர், அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டார்.

"வாடகை ஏறினா எனக்கு வேலை ஏறுமா சார்?" என்று கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்து, ஏறாது என்றார்.

இந்தத் தொழிலில் இருக்கும் கம்பெனிகள் எட்டோ பத்தோ சதவீதம் வாங்குகின்றன. புது ஆள் குடிவந்தால் ஒரு மாத வாடகை தனி. சாவிக்காவுக்கு இரண்டும் தலைகீழாகத் தெரிந்தன. வாடகை அதிகமான வீட்டில் எல்லாம் புதிது. குடியிருப்பவர்கள் பகலில் இருப்பதில்லை. வருடத்துக்கு ஒரு வாஷர் மாற்றினால் போதும். வாடகை குறைந்த வீட்டிலோ குழாய், கதவு, கூரை, குடித்தனக்காரரின் உத்தியோகம் எல்லாம் ஒன்றாக ஆட்டம் காணும். சதவீதப்படி போனால் வேலை இல்லாத இடத்தில் விருந்து, வேலை இருக்கிற இடத்தில் பட்டினி. புது ஆளுக்கு ஒரு மாத வாடகை என்பது அதைவிட மோசம். ஆளை மாற்றினால்தான் காசு என்றால் எவன் ஆளை நிலைக்க விடுவான் என்பாள்.

எனவே எந்த வீடு வந்தாலும் முதலில் அந்த வீட்டுக்குள் ஒரு பகல். கையில் ஒரு மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில், ஒரு பல்பு, நோட்டு. எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுத் தொட்டி எத்தனை நிமிடத்தில் காலியாகிறது என்று பார்ப்பாள். பல்பை அறைக்கு அறை மாட்டிப் பார்ப்பாள். கழிவறைத் தொட்டியை இருபது தடவை இழுப்பாள். அப்புறம் நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுச் சண்டை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எந்தச் சுவர் வழியாக இறங்குகிறது என்பதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மூன்று தடவை போன் செய்வாள். காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்தரை. கேட்பது ஒன்றுமில்லாத விஷயம்: மீட்டர் பெட்டிக்குப் பூட்டு உண்டா, ஜன்னல் கம்பி என்ன நிறம். ஒரே மணியில் எடுக்கிறவர் என்றால் கூலி ஒரு நாள் ஏறும். அவர் பிறகு தானாகவும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். எடுக்கவே எடுக்காதவர் என்றால் இரண்டு நாள் ஏறும். எல்லா முடிவையும் இவள்தான் எடுக்க வேண்டும், கைக்காசைப் போட வேண்டும், பிறகு ஏன் செய்தாய் என்றும் கேட்பார். மாலையில் திருப்பிக் கூப்பிட்டு ஒரு நிமிடத்தில் பேசி முடிக்கிறவர்தான் சரியான வீட்டுக்காரர். அவருக்குக் கழிவும் உண்டு. இதை அவள் யாரிடமும் விளக்கியதில்லை. ஒன்றரை நாள், இரண்டு நாள் என்று சொல்வாள். பேரம் பேசினால் சாவியை மேசைமேல் வைத்துவிடுவாள்.

அவள் கணவர் ஒரு வேன் கம்பெனியில் ஓட்டுநர். தொழிற்சாலை ஆட்களை ஷிப்டுக்குக் கொண்டுவிட்டு அழைத்துவரும் வேன். இருபத்தாறு வருடம் கிளட்ச் மிதித்த இடது முட்டி தேய்ந்துவிட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டியது இல்லை என்றார். சீக்கிரம் வண்டி ஓட்டுவதை விட்டால் முட்டி மிச்சம், விடாவிட்டால் அறுவை. அறுவைக்கு ஆகும் தொகையைக் கேட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். மகள் வெளியூர் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இன்னும் ஒன்றரை வருடம். கடையை விட்டபின் அவள் தன் நாள் கூலியை இரண்டு மடங்காக்கியிருந்தாள்; அந்தக் கணக்கில் கணவரின் சம்பளம் பதினாலு நாள் கூலி. அவள் கையில் இருந்த ஏழு வீடுகளும் சேர்ந்து பதினோரு நாள். வேனை விட வேண்டுமென்றால் இன்னொரு பதினாலு நாள் எங்கிருந்தாவது வர வேண்டும்.

அது ஒரே இடத்திலிருந்து வரும்போல் இருந்தது. மொத்த மருந்து வியாபாரி ஒருவர் ஆள் அனுப்பினார். மூன்று தளம், தளத்துக்கு நாலு வீடு, லிப்ட் இல்லாத கட்டிடம். அப்பா கட்டியது; இவருக்கும் தங்கைக்கும் பாதிப் பாதி. கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தபடியே பேசினார்.

கம்பெனி ஒன்று எட்டு சதவீதம் கேட்டிருக்கிறது, நாளைக் காலையில் முடித்துவிட வேண்டும், உங்களுக்கு எவ்வளவு என்றார். ஒரு பகல் கட்டிடத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

"பன்னெண்டுல ஒன்பதுல ஆள் இருக்கு. யார் வீட்டுல போய் உக்காருவீங்க?" என்றார். "சொல்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க."

மூன்று வீடுகள் காலியாக இருந்தன. அதில் ஒன்றில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அன்று காலை அவள் கணவர் தங்கள் வீட்டு மாடிப்படியில், ஏணியில் இறங்குவதுபோல, பின்பக்கமாக இறங்கினார். மேலே நின்றிருந்த அவளுக்கு அவர் முகம் தெரிந்தது. அவள் பார்ப்பது அவருக்குத் தெரிந்ததும் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டினார். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் அந்த முகம்தான் கண்முன் நின்றது.

"ஏழு" என்றாள்.

தன் வாழ்நாளில் அவள் சதவீதமாகச் சொன்ன முதல் கூலி. பன்னிரண்டும் நிரம்பினால் அது பதினைந்து நாள் கூலிக்கு வரும். ஒன்பதுக்கே பதினொன்று வரும். அன்று மாலையே கணவர் வேன் முதலாளியிடம், வருடம் முடிந்ததும் நின்றுகொள்கிறேன், வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அப்போது வருடம் முடிய ஏழு மாதம் இருந்தது.

ஒப்பந்தத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, தங்கையிடம் நீங்களே வாங்கிவிடுங்கள் என்றார். தங்கை கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். கதவருகில் நின்றபடியே இரண்டு பக்கங்களையும் படித்தார். திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.

"அவன் படிச்சானா?"

"கையெழுத்துப் போட்டிருக்கார் மேடம்."

"அது எனக்கும் தெரியுது. படிச்சானான்னு கேட்டேன்."

அண்ணன் கையெழுத்துக்குக் கீழே ஒரு சாண் இடம் விட்டுத் தன்னுடையதைப் போட்டார். சாவிக்கா அந்த இடைவெளியைப் பார்த்தாள். அதன் பொருள் இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் மோட்டார் எரிந்தபோதுதான் விளங்கியது.

அண்ணனுக்குப் போன் செய்தாள். தங்கையிடம் கேட்டுக்கொண்டு செய்யச் சொன்னார். தங்கை, அவன் என்ன சொன்னான் என்றார். உங்களைக் கேட்கச் சொன்னார் என்றாள். அப்படியானால் புது மோட்டாரா, பழையதற்கே கம்பி சுற்றிக் கட்டுவதா என்று அவனிடமே கேள் என்றார் தங்கை. தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் சுற்றிக் கட்டலாம் என்றார் அண்ணன். அவன் சொல்கிற மெக்கானிக் அவனோடு படித்தவன், வேறொருவனிடம் கொட்டேஷன் வாங்கு என்றார் தங்கை. வாங்கினாள். அதைப் பார்த்து அண்ணன், இவ்வளவு குறைவாகச் செய்கிறவன் என்ன கம்பி போடுவான் என்றார். தங்கை மூன்றாவது கொட்டேஷன் கேட்டார். இதற்குள் ஒன்பது குடும்பங்களும் இரண்டு நாள் வாளியோடு படியேறினார்கள். முதல் தளத்துக் குடித்தனக்காரர் சாவிக்காவிடம், உங்க ரெண்டு ஓனருக்கும் நடுவுல ஒரு குழாய் போட்டா தண்ணி தானா ஏறும் என்றார். அவ்வளவு அழுத்தம் என்று அர்த்தம்.

அண்ணனும் தங்கையும் பேசாமலாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. காரணம் கேட்டால் அண்ணன் ஒன்று சொன்னார், தங்கை வேறொன்று சொன்னார். இரண்டும் ஒரே குடும்பத்தில் நடந்ததுபோல் இல்லை. விற்கவும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. இவர் கேட்கிற விலை அவருக்குக் குறைவு, அவர் காட்டுகிற ஆள் இவருக்கு ஆகாது.

மாடிப்படிக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. அண்ணன் சந்தன நிறம் என்றார். சந்தன நிறத்தைத் தவிர எதுவானாலும் சரி என்றார் தங்கை. படிக்கட்டு பல்பு ஒன்பது வாட்டா பன்னிரண்டு வாட்டா என்பதற்கு நாலு நாள் ஆனது. மோட்டாருக்குப் பிறகு அண்ணன் கட்டிட விஷயத்தைப் போனில் பேசமாட்டார், கடைக்கு வரச் சொல்வார். தங்கைக்கு எதுவும் தாளில் எழுதி வர வேண்டும். கடைக்கும் தங்கை வீட்டுக்கும் இடையில் இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்துத் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிறது உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கான்" என்றார் கணவர்.

"மத்தளம் ஒரே இடத்துலதான உக்காந்திருக்கு. நான் நடந்து நடந்து இடி வாங்குறேன்" என்றாள்.

தான் செய்த தவறு என்ன என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த மூன்று போன்களைச் செய்யவில்லை. இருவருக்கும் செய்திருந்தால், ஜன்னல் கம்பி என்ன நிறம் என்ற கேள்வியிலேயே எல்லாம் வெளிவந்திருக்கும். கட்டிடம் நல்ல கட்டிடம். அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தார். குழாய்கள்கூடக் கனமான பித்தளை. ஒழுகல் முழுவதும் வீட்டுக்காரர்களிடம் இருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு நோட்டுப் போட்டாள். கட்டிடத்துக்குப் போன நேரம் ஒரு பக்கம். சேதி தூக்கிப் போன நேரம் எதிர்ப்பக்கம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தாள். கட்டிடத்துக்கு ஐந்து நாள். சேதி ஐம்பத்திரண்டு, அதற்குப் பதிமூன்று நாள். ஆகப் பதினெட்டு நாள் உழைப்புக்கு ஏழு சதவீதம் கொடுத்தது பதினோரு நாள் கூலி. ஞாயிறு போக மீதி வீடுகளைப் பார்க்க மாதத்தில் நாள் போதவில்லை.

அதே வாரம் பொறியாளரிடமிருந்து சேதி வந்தது. அவள் முதலில் எடுத்த வீடு அது. சமையலறைக் குழாய் எட்டு நாளாக ஒழுகுகிறது, குடித்தனக்காரர் நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார். 'அக்கா, உங்கள் மேல் கோபம் இல்லை. பெரிய கட்டிடம் எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்' என்று எழுதியிருந்தார். அவளுக்கு நஷ்டம் இரண்டு நாள் கூலி. ஆனால் அவள் அன்று மாலை போய் அந்தக் குழாய்க்கு வாஷரை மாற்றிவிட்டுத்தான் சாவியைக் குடித்தனக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று நிமிட வேலை.

வீட்டில் கணவர் முட்டியில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னாள். கட்டிடத்தை விட்டுவிடலாமா என்று கேட்டாள். விட்டால் பதினோரு நாள் போகும், வேனை விட முடியாது, முதலாளியிடம் போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் வெந்நீர்ப் பையை அவிழ்த்து வைத்தார்.

"வேன்ல ஏறுறவன் என்னை ஒரு இடத்துல இறக்கி விடுங்கறான். நடுவுல ஒரு வீட்டுல நிறுத்துங்க, ஒரு பையைக் குடுத்துட்டு வரேன்னா அதுக்குத் தனியா கேக்க மாட்டோமா?" என்றார். "நீ வீட்டுக்குத்தான கூலி பேசின. பைக்குப் பேசலையே."

மறுநாள் இருவரிடமும் சொன்னாள்: மேல்தளத்தில் காலியாக இருக்கும் வீட்டில் ஒரு சுவர் ஊறுகிறது, உடைப்பதா வேண்டாமா என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சுவர் நிஜமாகவே ஊறியது. அவர் வருவதாக இருந்தால் நான் வரவில்லை என்று இருவரும் சொன்னார்கள். வராவிட்டால் சுவர் அப்படியே இருக்கும், ஆள் வைக்க முடியாது, வாடகை நிற்கும் என்றாள். இருவரும் வந்தார்கள்.

எதிர்வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி, சுவரைப் பார்த்த மாதிரி போட்டிருந்தாள். அண்ணன் தன் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டார். தங்கை உட்காரவே இல்லை. சாவிக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"உடைக்காம பாக்க முடியுமான்னு அவங்ககிட்ட கேளுங்க" என்றார் அண்ணன், வெளியே பார்த்தபடி.

சாவிக்கா நோட்டில் ஒரு கோடு போட்டாள். கேட்கவில்லை. தங்கைக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"உடைக்காம எப்படிப் பாக்கிறதாம்? சுவத்துக்கு எக்ஸ்ரே எடுக்கணுமான்னு கேளு."

இன்னொரு கோடு.

"இடிக்கிற செலவு அவங்க பங்குல வச்சுக்கலாமான்னு கேளுங்க."

மூன்றாவது.

"என்ன எழுதுற?" என்றார் தங்கை.

"எண்ணிட்டிருக்கேன் மேடம்."

பக்கத்தைத் திருப்பிப் போன மாதக் கணக்கைக் காட்டினாள். பேசவேண்டியதை அவள் முந்தின நாளே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். "கட்டிடத்துக்கு மாசம் அஞ்சு நாள் ஆகுது. குழாய், மோட்டார், வாடகை, கூட்டுறது எல்லாம் சேர்த்து. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போய் வரப் பதிமூணு நாள். அம்பத்திரண்டு சேதி. ஏழு பர்சென்ட் சொன்னது என் தப்பு, பார்க்காம சொல்லிட்டேன். இனிமே அது வேண்டாம். கட்டிடத்துக்கு அஞ்சு நாள் கூலி, ரெண்டு பேரும் பாதிப் பாதி. சேதிக்குக் கால் நாள். யார் அனுப்புறாங்களோ அவங்க கணக்கு."

அண்ணன் வியாபாரி. உதடு அசைவதற்குள் கூட்டிவிட்டார். "பதினெட்டு நாள் ஆகுதே. இப்ப பதினொண்ணுதான வாங்குறீங்க. சேதிக்கெல்லாம் யாராவது கூலி வாங்குவாங்களா?"

"தபால்காரர் சும்மாவா கொண்டு வர்றார் சார்?"

"அம்பத்திரண்டுல அவன் எத்தனை?" என்றார் தங்கை.

"இருபத்தெட்டு."

"அப்ப நான் இருபத்தி நாலுதான்." அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

"நீ மூணாவது கொட்டேஷன் கேட்டா நான் திரும்பப் பதில் சொல்லாம என்ன பண்றது?" என்றார் அண்ணன். "அதெல்லாம் உன் கணக்குல வரணும்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தங்கை ஊறிய சுவரில் கையை வைத்தார். ஈரத்தை விரலால் தேய்த்தார்.

"மூணு இடத்துல விலை கேட்டா அது தப்பா?" என்றார், சுவரிடம்.

சாவிக்கா அதற்குக் கோடு போடவில்லை. முடியாது என்றால் மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டில் அவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். சாவியை மேசைமேல் வைப்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அப்போதெல்லாம் போனது ஒரு வீடு. இதில் கணவரின் முட்டி இருந்தது.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அண்ணன் அந்த எட்டு சதவீதக் கம்பெனியைத் திரும்பக் கூப்பிட்டார் என்று முதல் தளத்துக் குடித்தனக்காரர் சொன்னார். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவர்தான் எங்களோடு பேச வேண்டும், அது யார் என்று கேட்டானாம். அதோடு அது முடிந்தது.

மூன்றாம் நாள் காலையில் தங்கை போன் செய்தார்.

"எனக்குச் சம்மதம். அவன்கிட்ட சொல்லிடு." கொஞ்சம் நிறுத்தினார். "இது சேதியா?"

"ஆமா மேடம்."

"அப்ப வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்."

அவர்கள் சமாதானம் ஆகிவிடவில்லை. தங்கை அண்ணனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கினார்; பெயரோ உறவோ இல்லாமல், 'மோட்டார் அறைப் பூட்டு, ஆம், இல்லை' என்று நூலகச் சீட்டுபோல இருக்கும். அண்ணன் ஆம் என்பார், அல்லது இல்லை என்பார். மாடிப்படிக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள். அது இருவருக்கும் பிடிக்கவில்லை. இருவரும் தனித்தனியாகச் சாவிக்காவைக் கூப்பிட்டு மற்றவர் எப்படிப்பட்டவர் என்று சொன்னார்கள். "இது சேதியா, பேச்சா?" என்று கேட்பாள். பேச்சு என்பார்கள். பேச்சு என்றால் கூலி இல்லை, ஆனால் ஐந்து நிமிடம்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். அண்ணன் ஐந்து நிமிடத்தையும் முழுதாக எடுத்துக்கொள்வார்.

ஐம்பத்திரண்டு சேதி முதல் மாதம் ஒன்பதானது. அடுத்த மாதம் நாலு. பிறகு அந்த நாலிலேயே நின்றது. மாதத்துக்கு நாலு சேதி மட்டும் எவ்வளவு செலவானாலும் நேரில் சொல்ல முடியாதவையாக இருந்தன போலும்.

கணக்குச் சரியாக விழுந்தது, கூலி குறைந்தது. கட்டிடத்துக்கு ஐந்து நாள், சேதிக்கு ஒரு நாள், ஆறு நாள். தவறான கூலியில் வந்த பதினொன்றைவிட ஐந்து குறைவு. "நீ நல்லாக் கணக்குப் போட்டுப் போட்டு நம்மள நடுத்தெருவுல நிறுத்தப் போற" என்றார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு மாதத்தில் பன்னிரண்டு நாள் திரும்பக் கிடைத்திருந்தது. மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தங்கை, தன்னோடு வேலை பார்த்த பேராசிரியர் ஒருவரின் வீட்டைக் காட்டினார். அண்ணன் கடைக்கு மருந்து வாங்க வருகிற ஒருவர் மூலம் இன்னொன்று வந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் அவளுடைய மூன்று போனையும் ஒரே மணியில் எடுத்தார். அதற்குத் தக்கபடி சொன்னாள், ஒப்புக்கொண்டார். மூன்றும் சேர்ந்து ஆறு நாள்.

வருடம் முடிய மூன்று வாரம் இருந்தபோது இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கட்டிடம் ஆறு, புது வீடுகள் ஆறு, பொறியாளர் வீட்டில் போனது இரண்டு. வந்தது பத்து. வேண்டியது பதினாலு. மகளின் விடுதிக் கட்டணத்தில் கை வைக்க முடியாது. நாலு நாள் குறைந்தது.

வேன் கம்பெனியில் புது ஓட்டுநரை எடுத்தாகிவிட்டது. ஆனால் மற்ற ஓட்டுநர்கள் விடுப்பு எடுக்கும் நாளில் ஓட்ட ஒரு மாற்று ஆள் வேண்டும். மாதத்தில் நாலு தடவை வந்தால் போதும், ஒரு தடவைக்கு அவளுடைய ஒரு நாள் கூலிக்குச் சமமாகத் தருவார்கள் என்று கணவர் விசாரித்துக்கொண்டு வந்தார். டாக்டரிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மிதிக்கிறது எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது என்றார்.

"எந்த ரூட்டுல மிதி கம்மி?" என்று கேட்டாள் சாவிக்கா.

இருபத்தாறு வருடத்தில் அவர் அதை எண்ணியதில்லை. அந்த மூன்று வாரத்தில் எண்ணினார். சந்தைத் தெரு வழியாகப் போகும் ரூட்டில் போக மட்டும் அறுநூற்றுச் சொச்சம். ஆஸ்பத்திரி ரூட்டில் நானூற்றுப் பத்து. ஊருக்கு வெளியே ரயில்வே கேட் தாண்டிச் சிமெண்ட் தொழிற்சாலைக்குப் போகிற ரூட்டில், கேட்டில் நிற்பதையும் சேர்த்து, எழுபத்தி நாலு. நெடுஞ்சாலை ஏறிவிட்டால் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் அதற்கு யாரும் போட்டி போடுவதில்லை.

அந்த ரூட் மட்டும் என்றால் வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லச் சொன்னாள். யாரும் விரும்பாத நேரம் என்பதால் கொஞ்சம் கூட்டிக் கேட்கவும் சொன்னாள். அவர் முதலாவதைச் சொன்னார். இரண்டாவதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

புது வருடத்தில் முதல் தடவை ஓட்டிவிட்டு அவர் காலை ஏழு மணிக்குத் திரும்பினார். அவள் சாவிகளைப் பையில் போட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எத்தனை மிதி என்று கேட்டாள்.

"எழுபத்தொண்ணு."

"மூணு எங்க குறைஞ்சுது?"

"ரயில்வே கேட் திறந்திருந்துச்சு" என்றார்.